எடுத்த படம்

சென்னையிலிருந்து வந்த நடிகர் லோஞ்சில் ஏறிப் பத்து நிமிடத்துக்குள் வாந்தி எடுத்ததால்தான் என் கணவர் சினிமாவில் பேசினார். அவர் இருந்திருந்தால் இதை நூறு தரம் சொல்லியிருப்பார். நானும் நூறு தரமும் "அலட்டாமச் சாப்பிடுங்கோ" என்று அடக்கியிருப்பேன். இப்போது சொல்வதற்கு நான்தான் மிச்சம்.

அவர் திருகோணமலைத் துறைமுகத்தில் லோஞ்ச் ஓட்டினார். நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களுக்கு ஆட்களையும் மரக்கறி மூட்டைகளையும் கொண்டுபோய் விடுகிற சின்ன மோட்டார்ப் படகு அது. படப்பிடிப்புக்காரர்கள் அதை மூன்று நாள் வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். கதாநாயகனை லோஞ்ச்காரன் ஒருவன் ஏற்றிக்கொண்டு போகும் காட்சி அது. லோஞ்ச்காரனாக நடிக்க வந்தவருக்கு உட்துறைமுகத்தின் தட்டைத் தண்ணீரே ஒத்துக்கொள்ளவில்லை. அவரைப் படகு கட்டுகிற ஜெற்றியில் படுக்கவைத்துத் தேசிக்காய்த் தண்ணீர் பருக்கிவிட்டு, இயக்குநர் என் கணவரிடம், "நீங்களே பேசிடுங்கண்ணே, உங்க பேச்சுலயே பேசுங்க" என்றாராம். குரலைப் பிறகு வேறு ஆளை வைத்துச் சேர்க்கவில்லை. நீளத் தடியில் மைக்கைக் கட்டிப் பிடித்து, அந்த இடத்திலேயே பதிந்தார்கள்.

அவர் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, நடுவுக்கு வந்து இருங்கோ. இஞ்ச ஒண்டும் தெரியாது. வெளியால போனாத்தான் கடல் தன்ர குணத்தைக் காட்டும். பயப்பிடாதேங்கோ, நான் இருக்கிறன்தானே."

அன்று பின்னேரம் குசினி வாசலில் நின்று அதை எனக்கு நடித்துக் காட்டினார். கடைசி வசனம் எழுதிக் கொடுத்ததா, தானாகச் சொன்னதா என்று கேட்டேன். "நானாத்தான் சொன்னனான். அந்தப் பெடியன்ர முகத்தைப் பார்க்கப் பாவமாக் கிடந்தது" என்றார். லட்சம் லட்சமாக வாங்குகிற கதாநாயகனைப் பார்த்துப் பாவப்பட்ட ஒரே மனிதர் நீங்கள்தான் என்று சிரித்தேன். படம் வரும்போது அந்தத் துண்டை வெட்டிவிடுவார்கள் என்று ஜெற்றியில் எல்லோரும் பகிடி பண்ணினார்களாம்.

வெட்டவில்லை. படம் வரும்போது அவர்தான் இருக்கவில்லை. அடுத்த வருடம் அதே ஜெற்றியில் கயிறு கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. நான் வேலை செய்கிற அரச அலுவலகமான கச்சேரியில் என் மேசையை விட்டு எழும்பி ஆஸ்பத்திரிக்கு ஓடிப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

ஒரு மனிதரின் முகம் எங்கெங்கோ மிஞ்சிக் கிடக்கிறது. அடையாள அட்டையில், படம் ஒட்டிய அல்பத்தில், யாரோ ஒருவரின் பிறந்தநாள் படத்தின் ஓரத்தில். குரல் அப்படி மிஞ்சுவதில்லை. எங்கள் கலியாண வீடியோவில் தாலி கட்டியதிலிருந்து சாப்பாட்டுப் பந்தி வரைக்கும் பாட்டுப் போட்டு நிரப்பியிருந்தார்கள். போனில் அவர் அனுப்பிய குரல் செய்திகள் இருந்தன. மீன் வாங்கவோ, தேங்காய் கிடக்கோ, இதற்கு மேல் அவற்றில் ஒன்றும் இல்லை. பழைய போன் பழுதாகிப் புதியது எடுத்தபோது அவையும் போய்விட்டன. அப்போது அவர் அடுத்த அறையில் இருமிக்கொண்டிருந்தார். அதனால் எனக்கு அது ஒரு இழப்பாகவே தெரியவில்லை.

எனக்காவது சுவரில் அவருடைய படம் இருந்தது. மச்சாளுக்கு அதுவும் உதவவில்லை. மச்சாள் என் கணவரின் அக்கா, கலியாணம் கட்டாதவர், தாய் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். நான் அந்த வீட்டுக்கு வாழப்போன நாளிலிருந்து ஒரே குசினியில் சமைத்து, ஒரே குசினியில் சண்டை பிடித்து, ஒன்றாகவே இருக்கிறோம். சீனி வருத்தம் மச்சாளின் கண்களைக் கொண்டுபோய்விட்டது. எது வெளிச்சம், எது இருட்டு என்று மட்டும் தெரியும். செத்தவீட்டன்று பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து தம்பியின் முகத்தை நெற்றியிலிருந்து நாடி வரைக்கும் தடவினார். பிறகு என் பக்கம் திரும்பி, "இவனைக் கதைக்கச் சொல்லு பிள்ளை" என்றார். அதைக் கேட்டு அங்கே நின்ற எல்லோரும் அழுதார்கள். எனக்கு மட்டும் அழுகை வரவில்லை. என்னால் செய்ய ஏலாத ஒன்றை என்னிடம் கேட்டுவிட்டாரே என்று கோபம்தான் வந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து சில மாதம் கழித்து, துறைமுகத்தில் அவரோடு வேலை செய்த ஒருவர் படம் போனில் வந்திருக்கிறதென்று சொன்னார். தியேட்டரில் ஒரு கிழமைகூட ஓடாத படம். மாதக் காசு கட்டிப் பார்க்கிற தளம் ஒன்றில் கிடக்கிறதாம். அன்றே பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடைக்குப் போனேன். முன்பு டிவிடி வாடகைக்குக் கொடுத்த கடை அது. இப்போது போன் கவர்களும் கண்ணாடி ஒட்டுதலும்தான். கிண்ணியாவிலிருந்து பாலத்தால் மோட்டார்சைக்கிளில் வந்துபோகிற முதலாளி, வெளிநாட்டுக்குக் காசு கட்ட வழியில்லாத எங்களைப் போன்றவர்களுக்குத் தன்னுடைய கார்ட்டால் கட்டிக் கொடுப்பார்.

வீட்டுக்கு வந்து, "மச்சாள், தம்பிட படத்தை எடுத்திட்டன்" என்றேன். எங்கள் ஊரில் காசு கொடுத்து வாங்குவதை எடுப்பது என்றுதான் சொல்வோம். சீலை எடுத்தோம், சைக்கிள் எடுத்தோம், அலுமாரி எடுத்தோம். மச்சாள் அப்படித்தான் விளங்கிக்கொண்டார். உண்மையைச் சொன்னால், படித்து உத்தியோகம் பார்க்கிற நானும் அப்படித்தான் விளங்கிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்துவைத்துப் படத்தைப் போட்டேன். அரைவாசிக்கு மேல் போனதும் ஏதோ எஞ்சின் சத்தம் கேட்டது. எனக்கு எல்லா எஞ்சினும் ஒன்றுதான். மச்சாளோ, "இது எங்கட லோஞ்ச்" என்று கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். திரையில் அவருடைய முகத்தை ஒரு கணம் கண்டேன், அதற்குள் மச்சாள் கையை நீட்டினார், போனைக் கொடுத்தேன். யாரோ கோல் எடுத்ததுபோல அதைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நான் இருக்கிறன்தானே என்று அவர் சொன்னது எனக்கு மெல்லியதாகத்தான் கேட்டது. "ஓமடா" என்றார் மச்சாள். அந்த ஓமடாவைக் கேட்ட பிறகுதான் நான் குசினிக்குள் போய் இருந்து அழுதேன்.

அதற்குப் பிறகு ஞாயிறு என்றால் அதுதான் எங்களுக்கு வேலை. அந்தத் துண்டுக்கு மட்டும் நேரே போகலாம், விரலால் இழுத்தால் போதும். மச்சாள் விடமாட்டார். "அவன் வாற நேரத்துக்கு வரட்டும். இழுத்துக்கொண்டு வராத" என்பார். படமோ சரியான அறுவை. கதாநாயகி அழத் தொடங்கினால் நாங்கள் தேத்தண்ணி போட்டுக் குடித்து முடிக்கும்வரை அழுவாள். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு அவருக்காகக் காத்திருந்தோம். அவர் வரும்போது போன் மச்சாளின் காதுக்குப் போய்விடும். ஆகவே அவருடைய முகத்தை நான் அந்த முதல் நாள் ஒரு கணம் கண்டதுதான். மச்சாள் படுத்திருக்கும் நேரம் நான் தனியாகப் போட்டுப் பார்த்திருக்கலாம். மச்சாளை விட்டுவிட்டுச் சாப்பிடுவதுபோல இருந்தது, பார்க்கவில்லை.

பிறகு மாதக் காசு கூடியது. அடுத்த வருடம் இன்னொரு தரம் கூடியது. ஒவ்வொரு தரமும் மிகவும் மரியாதையாக ஒரு கடிதம் போனுக்கு வரும். இரண்டாம் தரம் எனக்குப் பொறுக்கவில்லை. கடைக்காரரிடம் போய்ச் சண்டைக்கு நின்றேன், பாவம் அவர்.

"நான் பார்க்கிறது ஒரு படம் தம்பி. அதிலயும் ஒரு துண்டு. இதுக்கு ஏன் இவ்வளவு?"

"அரிசியை மணி மணியா விக்கிறதில்ல அக்கா, மூட்டையோடதான் எடுக்கணும்" என்றார். அவருக்குக் கிண்ணியாப் பக்கம் வயல் இருக்கிறது, எதைக் கேட்டாலும் வயலில்தான் கொண்டுபோய் இறக்குவார். "இந்தப் படமெல்லாம் இவங்கட சொந்தம் எண்டா நினைக்கிறீங்க? குத்தகை வயல் மாதிரித்தான் அக்கா. படம் எடுத்த கொம்பனிதான் காணிக்காரன். இவங்க ஒரு தவணைக்குக் குத்தகைக்கு எடுத்து நடத்துறாங்க. தவணை முடிய, காணிக்காரன் குத்தகையைக் கூட்டிக் கேப்பான். கூடக் குடுக்கிற இன்னொருத்தனுக்கும் குடுப்பான். பெரிய கொம்பனியெல்லாம் இப்ப, நானே விதைக்கிறன் எண்டு சொந்தமாக் கடை திறந்து, தங்கட படத்தைத் திருப்பி எடுக்கிறாங்க."

"அதுக்கு நான் ஏன் கூடக் கட்டவேணும்?"

"குத்தகை கூடினா அரிசி விலை கூடாதா அக்கா?"

கூடிய காசைக் கட்டினேன். கச்சேரிக்கு ஓட்டோவில் போவதை விட்டுவிட்டு நடந்து போகத் தொடங்கினேன். ஆனால் அவர் சொன்னதில் பாதிதான் என் தலைக்குள் ஏறியிருந்தது. அரிசி விலை கூடும் என்பது விளங்கியது. எங்களுடைய படத்துக்கும் ஒரு தவணை உண்டு என்பது விளங்கவில்லை. என் மூளையை என்ன சொல்ல.

தவணை முடியப்போவதை அவர்கள் சொல்லாமலும் இல்லை. ஒரு ஞாயிறு படத்தைத் தொட்டதும் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. கடைசி நாள் என்றும் ஒரு திகதியும் கண்ணில் பட்டன. கச்சேரியில் என் தலைமயிர் நரைத்தது கடைசித் திகதிகளுக்கு நடுவில்தான். விண்ணப்பத்துக்குக் கடைசித் திகதி, கரண்ட் பில்லுக்குக் கடைசித் திகதி, தண்ணீர் பில்லுக்குக் கடைசித் திகதி. எது என்றாலும் அதற்குப் பிறகும் ஒரு கிழமை விட்டுப்பிடிப்பார்கள். இந்த மாதக் காசு கட்டியாயிற்று, பிறகென்ன என்று விரலால் தட்டி மூடிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு படம் இல்லை. பெயரை இரண்டு தரம் எழுதித் தேடினேன். நீங்கள் விரும்பக்கூடிய வேறு படங்கள் என்று ஒரு வரிசை வந்து நின்றது. துப்பாக்கியோடு நாலு பேர், சிரித்துக்கொண்டு ஒரு நாய். எனக்கு வந்த கோபத்துக்குப் போனைச் சுவரில் அடித்திருப்பேன். மச்சாள் முகம் கழுவி, சீப்பால் தலை இழுத்து, கதிரையில் வந்து இருந்துவிட்டார்.

"படத்தை எடுத்திட்டாங்கள் மச்சாள்" என்றேன்.

"அது எப்பவோ எடுத்த படம்தானே. தம்பி இருக்கேக்கயே எடுத்தவங்கள்தானே."

"அந்த எடுத்தது இல்லை மச்சாள். தூக்கிட்டாங்கள். இனி அது இல்லை."

"நீதானே எடுத்து வச்சிருந்தனீ? நீ எடுத்ததை அவங்கள் எப்பிடி எடுப்பாங்கள்?"

மூன்றுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிற எங்கள் ஊர்ப் பேச்சை அன்றைக்கு நான் வெறுத்தேன். நான் ஒன்றையும் எடுக்கவில்லை, மாதாமாதம் பார்க்க விட்டதற்குத்தான் காசு கட்டினேன் என்று விளங்கப்படுத்தினேன். மச்சாள் விளங்கியதுபோலத் தலையாட்டினார். பிறகு, "அப்ப நாளைக்குப் போய்க் கேட்டு வாங்கிக்கொண்டு வா" என்றார். திருப்பித் தராத பொருளைப் போய்க் கேட்பதுபோல அது அவருக்குத் தெரிந்தது.

போனேன். கடைக்காரர் தன்னுடைய போனிலும் தேடினார். "தவணை முடிஞ்சிருக்கு அக்கா. திருப்பி எடுக்கேல்ல. எத்தின பேர் பாக்கிறாங்க எண்டு பார்த்துத்தான் இவங்க எடுக்கிறது. ஆரும் பாக்காத படத்துக்குக் குத்தகை கட்டுவாங்களா?"

"நாங்கள் கிழமைக்குக் கிழமை பார்த்தமே."

"ஒரு வீடு அக்கா" என்றார் மெதுவாக.

களவாக ஏற்றிய கொப்பி எங்காவது இருக்கும் என்று தேடச் சொன்னேன். அரச உத்தியோகத்தர் வாயால் அப்படிக் கேட்கவேண்டி வந்தது. அவர் தேடாத இடமில்லை. ஓடாத படத்தை யாரும் திருடவும் மாட்டார்கள் என்றார். கடைசியில் தயங்கித் தயங்கி, "இன்னொரு போனைப் பிடிச்சு அந்தத் துண்டை நீங்களே எடுத்து வச்சிருக்கலாமே அக்கா" என்றார். இரண்டு வருட ஞாயிறுகள். என்னுடைய போனும் மச்சாளின் போனும் ஒரே மேசையில் கிடந்தன. ஒரு ஞாயிறுகூட எனக்கு அது தோன்றவில்லை. கடைக்கு வெளியே வந்து, எங்கள் ஊருக்குள் திரிகிற மான்களில் ஒன்று பஸ் நிலையத்தில் காட்போட் மட்டை தின்றுகொண்டு நிற்பதைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றேன். அவருடைய குரலை முதல் தரம் போன் மாற்றித் தொலைத்தேன். இரண்டாம் தரம் ஒரு வரியை ஒழுங்காக வாசிக்காமல் தொலைத்தேன். இதை யாருடைய தலையிலும் போட ஏலாது.

மச்சாள் அதற்குப் பிறகு கேட்கவில்லை. ஞாயிறு மத்தியானத்தில் மட்டும் வந்து கதிரையில் இருப்பார். தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பிப் போவார்.

நாலைந்து மாதம் கழித்துக் கடைக்காரர் போனில் கோல் எடுத்தார். படம் வேறொரு தளத்துக்குப் போயிருக்கிறதாம். அங்கே மாதக் கணக்கு இல்லை, ஒரு வருடக் காசை ஒன்றாகத்தான் கட்டவேண்டும், முந்தியதைவிடக் கூட. யோசிக்காமல் கட்டச் சொன்னேன். அன்று பின்னேரம் மச்சாளிடம் சொன்னபோது எடுத்தேன் என்ற சொல்லைத் தவிர்த்து, "தம்பிட படம் வந்திட்டுது" என்றேன். மச்சாள் எழும்பிப்போய் அலுமாரியைத் தடவி, நல்ல சீலை ஒன்றை எடுத்துக் கட்டிலில் வைத்தார்.

ஞாயிறு போனைச் செம்பில் சாய்த்தேன். படம் தொடங்கியது. கதாநாயகன் வாய் திறந்தான், ஹிந்தி வந்தது. மொழியை மாற்றுகிற இடத்தைத் தேடினேன். ஹிந்தி ஒன்றுதான் இருந்தது. குத்தகையை மொழி மொழியாகவும் பிரித்துக் கொடுப்பார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது. தமிழை யாரும் எடுக்கவில்லை. வேறு குரல்களைப் போட்ட ஹிந்திப் படத்தைத்தான் இவர்கள் எடுத்திருந்தார்கள்.

"என்ன பாஷை இது?" என்றார் மச்சாள்.

"ஹிந்தி மச்சாள். இதில தமிழ் இல்லையாம்." நிறுத்தப் போனேன்.

"விடு, ஓடட்டும்" என்று என் கையைப் பிடித்தார். "நடிகருக்குத்தான் வேற ஆக்களைக் கொண்டு கதைப்பிப்பாங்கள். தம்பி நடிகன் இல்லையே. அவனை அப்பிடியே விட்டிருப்பாங்கள். அவன் வரேக்க என்ர கையில தா."

அது அப்படி இல்லை என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கவேண்டும். மச்சாளின் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, நிறுத்தப் போன விரலை எடுத்துக்கொண்டேன். ஒருவேளை அப்படியும் இருக்கலாம் என்று நானும் நம்பப் பார்த்தேன். ஒரு சொல்லும் விளங்காத படத்துக்கு முன்னால் இரண்டு பேரும் இருந்தோம். கதாநாயகி ஹிந்தியிலும் அதே அளவுக்கு அழுதாள். மச்சாள் கையை மேசையில் மல்லாக்க விரித்து வைத்திருந்தார்.

லோஞ்ச் வந்தது. எஞ்சின் சத்தம் இல்லை, அதன் மேல் வயலின்களைப் போட்டு மூடியிருந்தார்கள். மச்சாளுக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு அவர் வந்தார். அந்த முதல் நாள் ஒரு கணம் கண்டதற்குப் பிறகு அன்றைக்குத்தான் அவரை முழுதாகப் பார்த்தேன். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நான் பொத்தான் தைத்துக் கொடுத்த நீலச் சட்டையோடு, சுக்கானில் ஒரு கையை வைத்துக்கொண்டு, என்னை நேராகப் பார்த்தார். வாயைத் திறந்தார். யாரோ ஒரு தடித்த குரல் ஹிந்தியில் பேசியது.

"இது ஆர்?" என்றார் மச்சாள்.

"ஆரோ ஒராள் மச்சாள்" என்றேன்.

திரையில் என் கணவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

"அப்ப தம்பி இன்னும் வரேல்ல" என்று மச்சாள் கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். லோஞ்ச் கரைக்குப் போனது. அவர் போய்விட்டார். படம் இன்னும் ஒரு மணித்தியாலம் ஓடியது. அது முடிந்து பெயர்கள் போகத் தொடங்கும் வரைக்கும் மச்சாள் அந்தக் கையை மேசையிலிருந்து எடுக்கவில்லை.